ஆங்கில வினா வினையடைத் தொடர்களும் தமிழ் எச்ச மரபும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆங்கிலத்தில் 'வென்', 'வேர்', 'வொய்', 'ஹௌ' என்னும் நான்கு சொற்களும் முறையே காலம், இடம், காரணம், முறை ஆகியவற்றை வினவுவன. இவை தனித்து நின்று வினாவாக அமைவதோடு, ஒரு சார்புத்தொடரின் தலைப்பில் நின்று அதனைத் தலைமைத்தொடரோடு இணைக்கும் பணியையும் செய்கின்றன. இவ்வாறு இணைக்கும் நிலையில் அமையும் தொடர்களை வினா வினையடைத் தொடர்கள் என இக்கட்டுரை குறிக்கின்றது. இத்தொடர்கள் தமிழில் எவ்வடிவம் பெறுகின்றன என்பது மொழிபெயர்ப்பிற்கும் தமிழ்த் தொடரியலுக்கும் பொதுவான வினாவாகும்.

இது பற்றி இருவேறு வழக்கங்கள் கல்வி உலகில் நிலவுகின்றன. ஆங்கிலச் சொல் வந்த இடந்தோறும் எப்போது, எங்கே, ஏன், எப்படி என எழுதிச் செல்வது ஒன்று. 'எங்கே ... அங்கே', 'எப்போது ... அப்போது' என வரும் தொடர்கள் அனைத்தையும் ஆங்கிலத் தாக்கம் என விலக்குவது மற்றொன்று. முன்னது மாணவர் பயிற்சி ஏடுகளிலும் அலுவல் மொழிபெயர்ப்பிலும் காணப்படுகின்றது. பின்னது அவற்றைத் திருத்தும் ஆசிரியரிடம் காணப்படுகின்றது. இவ்விரண்டும் பிழையான ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்பதும், தமிழ் மரபு இவ்விரண்டிற்கும் வேறான தெளிந்த நெறியொன்றைக் கொண்டுள்ளது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

இவ்வினாவை ஆராயத் திருவனந்தபுரம் பொருத்தமான களமாகும். ஆங்கிலக் கதையொன்றைத் தழுவிப் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டது, அவர் இந்நகரில் மெய்யியல் பேராசிரியராக இருந்த காலத்திலாகும். வ. ஐ. சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்னும் மும்மொழியும் நாள்தோறும் ஒரே நாவில் புழங்கும் நகரம் இது. ஆதலின் ஒரு மொழியின் தொடர்அமைப்பு மற்றொன்றில் எவ்வளவு கலக்கின்றது, எவ்விடத்தில் கலக்க மறுக்கின்றது என்பதை இங்கு எளிதில் காணலாம்.

ஆங்கிலத்தில் மூன்று நிலைகள்

வினா வினையடைத் தொடர் ஆங்கிலத்தில் மூன்று பணிகளைச் செய்கின்றது. முதலாவது, வினையடைப் பணி. "மழை நின்றபோது பேருந்து புறப்பட்டது" என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரில் 'வென்' என்பது மழை நின்ற காலத்தைப் பேருந்து புறப்பட்ட காலத்தோடு இணைக்கின்றது. இரண்டாவது, பெயரடைப் பணி. "அவள் பிறந்த வீடு" என்பதன் ஆங்கில வடிவில் 'வேர்' என்பது வீடு என்னும் பெயரை விளக்கும் தொடரைத் தொடங்கி வைக்கின்றது. மூன்றாவது, பெயர்ப் பணி. "அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை" என்பதன் ஆங்கில வடிவில் சார்புத்தொடர் முழுவதும் ஒரு பெயர் போல நின்று, தெரிதல் என்னும் வினைக்குச் செயப்படுபொருளாகின்றது.

நான்கு சொற்களும் மூன்று பணிகளையும் ஒருசேரச் செய்வதில்லை. 'வென்', 'வேர்' ஆகிய இரண்டும் மூன்றிலும் வரும். 'வொய்' பெயர்ப் பணியிலும், காரணம் என்னும் பெயரை விளக்கும் பெயரடைப் பணியிலும் வரும். வினையடைப் பணியில் வருவதில்லை. 'ஹௌ' பெரும்பாலும் பெயர்ப் பணிக்கே உரியது. முறை என்னும் பொருளுடைய பெயரை அடுத்து 'ஹௌ' வருவதைச் செம்மையான ஆங்கிலம் ஏற்பதில்லை.

ஒரே சொல் பல பணிகளைச் செய்வதால் ஆங்கிலத்தில் பொருள் மயக்கமும் தோன்றுகின்றது. "டெல் மீ வென் ஹி கம்ஸ்" என்னும் தொடருக்கு "அவன் எப்போது வருவான் என்று சொல்" எனவும், "அவன் வந்ததும் என்னிடம் சொல்" எனவும் இருபொருள் உண்டு. முன்னது பெயர்ப் பணி. பின்னது வினையடைப் பணி. எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' என்னும் துணைவினையைச் சேர்த்தால் முன்னைய பொருள் ஒன்றே எஞ்சும். ஏனெனில் 'வென்' தொடங்கும் காலத் தொடரில் அத்துணைவினை இயல்பாக வருவதில்லை. தமிழில் இம்மயக்கம் தோன்றவே இடமில்லை. 'எப்போது வருவான் என்று' என்பதும் 'வந்ததும்' என்பதும் வடிவத்தாலேயே வேறுபட்டவை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று, அது தமிழ்த் தொடரியலின் அடிப்படைப் பண்பொன்றைக் காட்டுகின்றது.

கால்டுவெல் கருத்தும் அதன் எல்லையும்

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளை வடமொழியினின்று பிரித்துக் காட்டும் கூறுகளுள் ஒன்றாகப் பெயரெச்சத்தைக் குறிப்பிட்டார். வடமொழியில் 'யத்', ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' என வரும் தொடர்பு மாற்றுப்பெயர்களின் பணியைத் திராவிட மொழிகளில் பெயரெச்சமே நிறைவேற்றுகின்றது என்பது அவர் கருத்தின் சாரமாகும். இக்கருத்து அடிப்படையில் பொருத்தமுடையது. "அவள் பிறந்த வீடு" என்பதில் 'வேர்' என்பதற்கு நேரான சொல் ஏதுமில்லை. பிறந்த என்னும் பெயரெச்சமும் வீடு என்னும் பெயரும் அடுத்து நிற்றலே அவ்வுறவை உணர்த்திவிடுகின்றது.

எனினும் பின்வந்தோர் பலர் இக்கருத்தை அதன் எல்லைக்கு அப்பாலும் கொண்டு சென்றனர். தமிழில் தொடர்பு மாற்றுப்பெயர் இல்லை என்பதிலிருந்து, வினாச்சொல்லும் சுட்டுச்சொல்லும் இணைந்து வரும் தொடர்கள் யாவும் அயல்வரவு என்னும் முடிவிற்கு அவர்கள் வந்தனர். வடமொழியில் 'யத்ர ... தத்ர', 'யதா ... ததா' என வரும் இணைகளின் நிழலாக இவற்றை முன்னர்க் கருதினர். ஆங்கிலக் கல்வி பரவிய பின் அப்பழி ஆங்கிலத்தின் மேல் ஏறியது. இவ்விணைத்தொடர் திராவிடத்திற்கு உரியதா, புறத்திலிருந்து வந்ததா என்னும் வாதம் மொழியியலாரிடையே பல்லாண்டுகளாக நிகழ்ந்து வருகின்றது. தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணம் ஓகார இடைச்சொல் பெற்று வரும் இவ்வமைப்பையும் தமிழ்த் தொடர் வகைகளுள் ஒன்றாகவே விளக்குகின்றது. தோற்றம் பற்றிய வாதம் எவ்வாறு முடியினும், இவ்வமைப்பு தமிழில் எப்பொருளில் வருகின்றது என்பதே தமிழாசிரியர் முதலில் தெளிய வேண்டிய வினாவாகும்.

தொல்காப்பிய நோக்கு

தொல்காப்பியம் வினையியலில் பெயரெச்சத்தை விளக்கும் நூற்பா, அது கொண்டு முடியும் பெயர்களை நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாக வகுக்கின்றது. இவற்றுள் நிலம் என்பது ஆங்கில 'வேர்' தொடங்கும் பெயரடைத் தொடர்க்கும், காலம் என்பது 'வென்' தொடங்கும் பெயரடைத் தொடர்க்கும் நேராக அமைதல் அறியத்தக்கது. "அவள் பிறந்த ஊர்", "அவள் பிறந்த ஆண்டு" ஆகிய இரண்டிலும் எச்சம் ஒன்றே. பெயர் மாறப் பொருளுறவும் மாறுகின்றது.

காரணம் அவ்வாறனுள் பெயர் சுட்டப்படவில்லை. எனினும் "அவன் வந்த காரணம்" என்பது இயல்பான தமிழேயாகும். மூன்றாம் வேற்றுமைப் பொருளில் கருவியும் ஏதுவும் நெருங்கி நிற்றலின், காரணத்தைக் கருவியுள் அடக்கிக் கொள்ள இடமுண்டு. முறைப் பொருளும் இவ்வாறே. "கோயில் கட்டிய முறை", "பாடிய விதம்", "சொல்லியவாறு" என எச்சம் தடையின்றி வருகின்றது. செம்மையான ஆங்கிலம் முறை என்னும் பெயரை அடுத்து 'ஹௌ' வருதலை விலக்கும் இடத்தில் தமிழ் இயல்பாகச் செல்லுதல் ஈண்டு ஒப்பிடத்தக்கது.

இதனினும் இன்றியமையாதது வினையெச்சம் பற்றிய செய்தியாகும். செய்து முதலிய ஒன்பது வாய்பாடுகளைக் கூறிய தொல்காப்பியர், பின், முன், கால், கடை, வழி, இடத்து முதலியனவும் காலம் கருதி வருமிடத்து அவற்றின் இயல்பினவே என்கின்றார். இவற்றுள் கடை, வழி, இடத்து ஆகிய மூன்றும் அடிப்படையில் இடப்பொருள் உடையன. அவை காலப்பொருளில் எச்சமாக வரும் என்று இலக்கணமே ஏற்றுக்கொள்கின்றது. இவ்விடச் சொற்கள் காலத்தோடு நில்லாமல் நிபந்தனைப் பொருளுக்கும் விரிந்தன. 53ஆம் குறளில் வரும் 'மாணாக்கடை' என்னும் சொல், மனைவி மாட்சியுடையவளாக இல்லாவிடின் என நிபந்தனைப் பொருளே தருதல் காண்க. ஆங்கிலச் சட்ட நடையில் 'வேர்' என்னும் இடச்சொல் நிபந்தனையைக் குறித்து வருவதும் இத்தகைய விரிவேயாகும். இம்மொழிகள் தனித்தனியே ஒரே வழியில் நடந்துள்ளன. ஆனால் தமிழ் இதற்குத் தேர்ந்தெடுத்தவை பெயர்ச்சொற்களே அன்றி வினாச்சொற்கள் அல்ல.

புறநானூறும் குறளும் தரும் சான்று

தமிழ் மரபின் நெறியைத் தெளிவாகக் காட்டும் பாட்டு, காவற்பெண்டு பாடிய புறநானூற்று 86ஆம் பாட்டாகும். வீட்டின் தூணைப் பற்றி நின்று மகன் எங்கே என ஒருத்தி வினவுகின்றாள். அவன் எங்கு உளன் என்பதை அறியேன் என்கின்றாள் தாய். புலி தங்கிச் சென்ற குகை போன்றது அவனைப் பெற்ற வயிறு என்றும், அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்றும் அவள் தொடர்கின்றாள்.

சில அடிகளே கொண்ட இப்பாட்டில் 'வேர்' என்பதன் இரு பணிகள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. மகன் இருக்கும் இடம் வினவுவோளுக்கும் தாய்க்கும் தெரியாதது. ஆதலின் அங்கே 'யாண்டு' என்னும் வினாச்சொல் வருகின்றது. வினவுவோள் கூற்றில் அது 'என' என்னும் சொல்லால் தழுவப்படுகின்றது. தாயின் கூற்றில் அறியேன் என்னும் வினைக்குள் அடங்குகின்றது. புலி தங்கிய இடமோ தெரிந்த ஒன்று. குகை என்னும் பெயரால் சுட்டப்படுவது. ஆதலின் அங்கே வினாச்சொல் வரவில்லை. நிலப்பெயர் கொண்ட பெயரெச்சமே வருகின்றது. ஆங்கிலத்தில் இப்பாட்டைப் பெயர்ப்போர் இரு இடத்திலும் ஒரே சொல்லைப் பயன்படுத்த இயலும். தமிழ்ப் புலவர் அவ்வாறு செய்யவில்லை. மொழி அதற்கு இடந்தரவும் இல்லை. மகன் இருக்குமிடம் திறந்த வினாவாகவும், அவனைத் தாங்கிய வயிறு உறுதியான இடமாகவும் நிற்றலே பாட்டின் உயிர். ஈண்டு இலக்கண வேறுபாடே கவிதையின் பொருள் வேறுபாடாக அமைந்துள்ளது.

அடுத்து நோக்கத்தக்கது ஔவையார் பாடிய 187ஆம் பாட்டு. நாடாயினும் காடாயினும், பள்ளமாயினும் மேடாயினும், ஆடவர் எங்கு நல்லவரோ அங்கு நிலமும் நல்லது என்பது அதன் கருத்து. இதில் 'எவ்வழி', 'அவ்வழி' என்னும் இணை வெளிப்படையாக வருகின்றது. அறிவுடைமை அதிகாரத்தில் 423ஆம் குறள் 'எப்பொருள்', 'அப்பொருள்' என்னும் இணையையும், 426ஆம் குறள் 'எவ்வது', 'அவ்வது' என்னும் இணையையும் கொண்டுள்ளன. இறுதியில் உள்ளது 'ஹௌ' என்பதற்கு நேரான முறைப்பொருள் உடையது. உலகம் எவ்வாறு ஒழுகுகின்றதோ அவ்வாறு ஒழுகுதல் அறிவு என்பது அக்குறளின் கருத்து. ஆங்கிலம் தமிழ் மண்ணை அடைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வமைப்பு பயின்றுள்ளமையின், இதனை ஆங்கிலத் தாக்கம் எனல் பொருந்தாது.

ஆயின் இம்மூன்று இடங்களிலும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. ஔவையார் குறிப்பது குறிப்பிட்ட ஒரு நாட்டை அன்று. எந்த நிலத்திற்கும் பொருந்தும் பொதுவிதியையே. குறளில் வருவதும் ஒருநாள் கேட்ட ஒரு செய்தி அன்று; கேட்கப்படும் எந்தச் செய்தியும் ஆகும். இடமோ பொருளோ முறையோ ஒன்றெனத் தீர்மானிக்கப்படாமல் திறந்து நிற்கும்போதே வினாச்சொல் வருகின்றது.

சொல்லடைவு எத்துணைச் செம்மையாக அமையினும் ஆய்வாளர் அடிகளுக்கே செல்ல வேண்டியதன் காரணமும் இதுவே. யாண்டு, எவ்வழி முதலிய வினாச்சொற்கள் அடைவில் உடனே கண்ணிற்படும். ஒரு பெயரெச்சம் நிலப்பெயரைக் கொண்டதா, காலப்பெயரைக் கொண்டதா என்பது தொடரை நோக்கியே தெளியப்படும். வினாச்சொற்களை மட்டும் எண்ணி இட, காலத் தொடர்களை மதிப்பிட்டால், பெயரெச்சத்தால் அமைந்த இட, காலத் தொடர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும்.

நெறியின் சாரம்

மேற்கண்ட சான்றுகளால் ஒரு முடிவு பெறப்படுகின்றது. ஆங்கிலத்தில் வினாச்சொல் வினையடைப் பணியிலும் பெயரடைப் பணியிலும் தன் வினாத்தன்மையை இழக்கின்றது. தமிழில் வினாச்சொல் வினாத்தன்மையை இழப்பதில்லை. அறியப்படாதது ஒன்று, அல்லது எதுவாயினும் ஆகத்தக்கது ஒன்று உள்ள இடத்திலேயே அது நிற்கும். அறியப்பட்ட ஒரே நிகழ்ச்சியைச் சுட்டும் இடத்தில் அது நில்லாது. அங்கே எச்சமே நிற்கும்.

'ஏனெனில்' என்னும் சொல்லும் இம்முடிவிற்குத் துணை செய்கின்றது. காரணம் கூறும் இணைப்புச் சொல்லாக இன்று அது வழங்கினும், 'ஏன் என்று கேட்பின்' என்னும் வினா அதனுள் உயிரோடு இருக்கின்றது. உரையாசிரியர்கள் தாமே வினா எழுப்பித் தாமே விடை கூறும் முறையில் வளர்ந்த சொல் அது. காரணத்தை இணைக்கும்போதும் தமிழ் வினாவை வினாவாகவே வைத்துள்ளது.

மலையாளத்தை ஒப்பிடின் இந்நெறி மேலும் விளங்கும். 'வந்நப்போள்' என்னும் மலையாள வடிவத்தை 'வந்ந' என்னும் பேரெச்சமும் 'அப்போள்' என்னும் சுட்டும் எனப் பிரிப்பர். தமிழ்ப் பேச்சு வழக்கில் 'வந்தப்போ' என்பதும் இவ்வாறே அமைகின்றது. காலத் தொடரில் எச்சத்தோடு கலப்பது சுட்டேயன்றி வினா அன்று. 'எப்போள்' என்பதோ 'எப்போது' என்பதோ அவ்வாறு எச்சத்தோடு ஒட்டுவதில்லை. "எவிடெ போயி என்னு அறியில்ல" என்பதில், இடம் அறியப்படாமையின் வினாச்சொல் நிற்கின்றது. ஏ. ஆர். ராஜராஜ வர்மா கேரள பாணினீயத்தில் பேரெச்சம், வினையெச்சம் என்னும் பெயர்களையே ஆள்வது, இருமொழிக்கும் பொதுவான தொடரியல் அடித்தளத்தை உணர்த்துகின்றது. திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவர் பேச்சில் மலையாளச் சொற்கள் எத்துணைக் கலப்பினும் இவ்வகைத் தொடரில் பிழை நேராமைக்கு இதுவே காரணம் எனலாம். பிழை நேர்வது ஆங்கிலத்திலிருந்து எழுதும்போதுதான்.

இந்நெறிக்கு மாறாகத் தோன்றும் ஒரு வழக்கையும் ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். "எந்த மேடையில் அவமதிக்கப்பட்டாரோ, அதே மேடையில் பாராட்டப்பட்டார்" என்னும் தொடரில் மேடை ஒன்றே, நிகழ்ச்சியும் முடிந்தது. ஆயினும் தொடர் பிழையன்று. ஈண்டு 'அதே' என்பதில் உள்ள ஏகாரம் இன்றியமையாதது. கேட்போரை முதற்பகுதியில் எந்த மேடை என எண்ண வைத்து, இரண்டாம் பகுதியில் இதுவே என முடிவு கூறும் அணி நயம் இதில் உள்ளது. ஏகாரத்தை நீக்கின் தொடர் தளர்ந்துவிடும். ஆகவே இதுவும் நெறியை மீறுவதன்று. வினாவின் திறந்த தன்மையைச் சிறிது நேரம் கடன் வாங்கி, அழுத்தத்திற்குப் பயன்படுத்துவதாகும்.

மொழிபெயர்ப்பில் நேரும் வழுக்கள்

முதல் வழு, முடிந்த ஒரு நிகழ்ச்சியை வினாச்சுட்டு இணையால் கூறுதல். "எப்போது நேற்றுப் பேருந்து தம்பானூரை அடைந்ததோ அப்போது மழை நின்றது" என்னும் தொடர் தமிழாகாது. "பேருந்து தம்பானூரை அடைந்தபோது" என்பதே தமிழ். ஆனால் "எப்போது மழை பெய்கிறதோ அப்போதெல்லாம் இத்தெருவில் நீர் தேங்கும்" என்பது வழுவற்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி இரண்டையும் சிவப்பு மையால் அடிக்கும் திருத்தம், மாணவனுக்கு நெறியைக் கற்பிப்பதில்லை, அச்சத்தையே கற்பிக்கின்றது.

இரண்டாம் வழு, தொடர்ச்சிப் பொருளை விளக்கப் பொருளாக மாற்றுதல். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை அடுத்துச் சிறு நிறுத்தமிட்டு 'வேர்' தொடரும்போது, அது பெரும்பாலும் அடுத்த நிகழ்ச்சியைக் கூறும். அதனைப் "தம்பியைச் சந்தித்த நாகர்கோவிலுக்குச் சென்றான்" எனப் பெயர்த்தால், சந்திப்பு முன்னரே நிகழ்ந்ததாகிவிடும். நிகழ்ச்சிகளின் வரிசையே தலைகீழாகும். "நாகர்கோவிலுக்குச் சென்றான், அங்கே தம்பியைச் சந்தித்தான்" எனச் சுட்டால் இணைத்தலே முறை. எச்சம் தமிழுக்கு உரியது என்பதற்காக எங்கும் எச்சத்தையே வலிந்து ஆளுதலும் வழுவாதல் இதனால் விளங்கும்.

மூன்றாவது, பெயரெச்சத்தின் இயல்பான மயக்கம். "நீல பத்மநாபன் எழுதிய நகரம்" என்பதற்கு அவர் இருந்து எழுதிய நகரம் எனவும், அவர் எழுத்தில் படைத்த நகரம் எனவும் பொருள் கொள்ளலாம். பள்ளிகொண்டபுரம் நாவலை எண்ணின் திருவனந்தபுரத்திற்கு இருபொருளும் பொருந்தும். ஆங்கிலம் 'வேர்' என்னும் சொல்லால் முன்னதை மட்டும் பிரித்துக் கூறவல்லது. தமிழ் இங்கே 'இருந்து எழுதிய', 'பற்றி எழுதிய' எனக் கூடுதல் சொல்லை நாட வேண்டியுள்ளது. இதனைக் குறையென மறைக்க வேண்டியதில்லை. பெயர்ப்பாளர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் எனக் கொள்ளல் வேண்டும்.

நான்காவது, 'ஹௌ' பற்றியது. ஆங்கிலத்தில் ஒருவர் கோயில் கட்டப்பட்டதை விவரித்தார் என்னும் பொருளிலும், கட்டப்பட்ட முறையை விவரித்தார் என்னும் பொருளிலும் 'ஹௌ' வரும். முன்னதில் முறை முதன்மையன்று, நிகழ்ச்சியே முதன்மை. இரண்டிடத்தும் 'எப்படி' என எழுதினால், முன்னைய இடத்தில் இல்லாத வினாவொன்று நுழைந்துவிடும். 'கட்டப்பட்டதை' எனத் தொழிற்பெயராலோ, 'கட்டப்பட்ட வரலாற்றை' என எச்சத்தாலோ கூறுதல் தக்கது.

ஐந்தாவது வழுவே விளைவால் பெரியது. ஆங்கிலச் சட்டங்களிலும் ஆணைகளிலும் விதி தொடங்கும் இடத்தில் 'வேர்' வருதல் பெருவழக்கு. அதன் பொருள் இடம் அன்று. 'இவ்வாறு நேருமாயின்' என்பதேயாகும். அதனை "எங்கு ஒருவர் விண்ணப்பிக்கின்றாரோ அங்கு" எனப் பெயர்த்தால், படிக்கும் குடிமகன் அதனை அலுவலகம் இருக்கும் இடம் பற்றிய விதி என மயங்குவான். உரிமை பற்றிய விதி ஊர் பற்றிய விதியாகிவிடும். இதற்குத் தமிழில் ஆட்சிபெற்ற நல்ல வடிவங்கள் உள்ளன. இலங்கைத் தமிழ்ச் சட்ட நடை 'செய்யுமிடத்து', 'இருக்குமிடத்து' எனத் தொல்காப்பியர் காட்டிய இடத்து என்னும் எச்சத்தையே ஆள்கின்றது. தமிழ்நாட்டுச் சட்ட நடை 'செய்யும் நேர்வில்' எனப் பெயரெச்சமும் பெயரும் கொண்டு கூறுகின்றது. இரண்டும் வினாச்சொல்லை நாடவில்லை என்பது கருதத்தக்கது. இரண்டும் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே அமைந்தும் ஒரே நெறியில் நிற்கின்றன.

கேரளத்தில் இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள வழிவகுத்துள்ளது. அவ்வுரிமை பயன் தர வேண்டுமாயின், அரசின் ஆணை தமிழில் வரும்போது அது தமிழாகவும் இருத்தல் வேண்டும். சொற்களைத் தமிழாக்கித் தொடரை ஆங்கிலமாகவே விட்டுவிடும் பெயர்ப்பு, படிப்போனுக்கு உரிமையைத் தருவதுபோலத் தந்து பொருளை மறைத்துவிடும். இயந்திர மொழிபெயர்ப்பு அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் பரவியுள்ள இக்காலத்தில், அதனைச் செப்பம் செய்வோர்க்கு இவ்வேறுபாட்டறிவு இன்றியமையாததாகின்றது.

கற்பித்தலுக்கான குறிப்பு

மேற்கூறியவற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும்போது, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் என்னும் அட்டவணை முறை கைவிடத்தக்கது. அதற்கு மாறாக மாணவர் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் பயனுடையது. சார்புத்தொடர் கூறும் காலமோ இடமோ தெரிந்த ஒன்றா என்பது முதல் வினா. ஆம் எனில் எச்சம் வரும். எச்சம் நிகழ்ச்சி வரிசையைக் குலைக்குமாயின் சுட்டால் இணைத்தல் வேண்டும். அது எதற்கும் பொருந்தும் பொதுமையா என்பது இரண்டாம் வினா. ஆம் எனில் வினாச்சுட்டு இணை வரலாம். அது அறியப்படாததா, வினவப்படுவதா என்பது மூன்றாம் வினா. ஆம் எனில் வினாச்சொல் நின்று, 'என்று', 'என்பது' ஆகியவற்றாலோ ஓகாரத்தாலோ தழுவப்படும். இம்மூன்று வினாக்களும் பொருளிலிருந்து தொடங்குவன; ஆங்கிலச் சொல்லின் வடிவத்திலிருந்து தொடங்குவன அல்ல.

முடிவுரை

ஆங்கில வினா வினையடைத் தொடர்கள் ஒரே சொல்லால் செய்யும் பணிகளைத் தமிழ் எச்சம், சுட்டு, வினாச்சுட்டு இணை, தழுவிய வினா எனப் பகுத்துச் செய்கின்றது. இப்பகுப்பிற்கு அடிப்படை, கூறப்படும் இடமும் காலமும் முறையும் தெளிந்தனவா, திறந்தனவா என்பதேயாகும்.

'எவ்வழி ... அவ்வழி' போன்ற தொடர்கள் சங்க இலக்கியத்திலும் குறளிலும் பயின்றமையின், அவற்றை ஆங்கிலத் தாக்கம் என விலக்குதல் பொருந்தாது. முடிந்த ஒரு நிகழ்ச்சிக்கு அவற்றை ஆளுதலே அயல்நடையாகும். கால்டுவெல் சுட்டிய பெயரெச்சத்தின் தலைமை உண்மையே. ஆயின் அது வினாச்சொல்லை முற்றிலும் வெளியேற்றிவிடவில்லை, அதற்குரிய இடத்தை வரையறுத்துள்ளது. தொல்காப்பியர் எச்சத்துள் வைத்த இடத்து என்னும் சொல் இன்றும் இலங்கைச் சட்ட நடையில் வாழ்வது, பழைய இலக்கணம் இன்றைய ஆட்சிமொழிக்கும் கருவியாதலைக் காட்டுகின்றது.

மகன் இருக்குமிடம் தெரியாத தாய் வினாச்சொல்லை ஆள்கின்றாள். அவனைத் தாங்கிய இடத்தைக் கூறும்போது அச்சொல்லை விட்டுவிடுகின்றாள். காவற்பெண்டு பேணிய இவ்வேறுபாட்டை இன்றைய மொழிபெயர்ப்பும் பேணுதல் வேண்டும்.